வானை அடைத்த குளம்

போன மாதம் மன்னார் பஸ் நிலையத்தில் சிலாவத்துறைப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். இளம்பெண் ஒருத்தி வந்து என் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். வழவழப்பான தடித்த தாள். வெயிலுக்கு விசிறிக்கொள்ள நல்லது என்று நினைத்து நாலைந்து தடவை விசிறியும் விட்டேன். பிறகுதான் படத்தைப் பார்த்தேன். குளம். குளத்தில் இரண்டு வெள்ளை அன்னப் படகுகள். ‘மீண்டும் திறக்கிறோம்’ என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வசனம்: பெருமழை நாளில் எமது நிறுவனர் தாமே நேரில் நின்று வான்கதவைத் திறந்து, கீழ்க் குடியிருப்பு மக்களைக் காப்பாற்றிய வரலாற்றுப் பெருமை கொண்ட ஏரி.

மூன்று தரம் வாசித்தேன். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளத்துக்கு வான்கதவு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த மழை நாளில் நிறுவனர் நேரில் நிற்கவுமில்லை. அவர் கொழும்பில் இருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவருக்குத் தொலைபேசி எடுத்தவள் நான்.

குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் வழிந்து போவதற்கு விடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் வான் என்போம். குளம் நிறைந்தால் ‘வான் பாயுது’ என்று சொல்லிக்கொண்டு சனம் சைக்கிளிலும் ஓட்டோவிலும் பார்க்கப் போகும். அது ஒரு சின்னத் திருவிழா. வானில்லாத குளம் என்பது மூடியை இறுக்கிவிட்டு அடுப்பில் வைத்த பானை மாதிரி. இந்த விசயம் தெரிய எனக்கே இருபத்திரண்டு வயதானது. நான் பள்ளிமுனைக்காரி. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடல்தான், அது நிறைவதுமில்லை வழிவதுமில்லை.

சண்டை முடிந்து சில வருடங்கள். றோட்டுகளுக்கெல்லாம் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். முசலிப் பக்கம், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, மாரியில் மட்டும் ஓடுகிற ஓர் ஓடை இருந்தது. எங்கள் முதலாளி, அதாவது துண்டுப்பிரசுரத்தின் நிறுவனர், அதன் இரண்டு பக்கத்துக் காணியையும் வாங்கி, குறுக்கே மண்ணால் ஒரு கட்டுப் போட்டார். தண்ணீர் தேங்கிக் குளமானது. கரையில் விருந்தாளிகள் தங்க ஆறு கபானாக்கள், ஒரு சாப்பாட்டுக் கடை, படகுத்துறை. கொம்பியூட்டர் வகுப்பில் படித்த சான்றிதழோடு போன என்னைக் கருமபீடத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருத்திவிட்டார்கள். தொலைபேசி எடுப்பது, படகுக்கு ரிக்கெற் கிழிப்பது, புத்தகங்களில் எழுதுவது. அப்பா கடற்றொழிலாளி. அவருக்கு இந்த வேலையே விளங்கவில்லை. “இஞ்ச இவ்வளவு கடல் கிடக்க, முழங்கால் தண்ணியில வள்ளம் விட ஆரடி வாறது?” என்று கேட்டார். வந்தார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து அன்னத்தின் வயிற்றுக்குள் இருந்து மிதித்தார்கள். எனக்கும் பெருமைதான். வாரத்தில் ஒருநாள் வீட்டுக்குப் போகும்போது ‘எங்கட லேக்’ என்று சொல்லுவேன், ஏதோ நானே தோண்டினது மாதிரி.

இன்றைக்கும் பைபர் படகுக்குப் பூசுகிற பெயின்ற் மணம் வந்தால் எனக்கு அந்தக் கருமபீடம் நினைவுக்கு வரும். அதற்குப் பின்னாலேயே பெருமாள் அண்ணனும் வந்துவிடுவார்.

பெருமாள் அண்ணன் குளத்தின் காவலாளி. வயது நாற்பத்தைந்து இருக்கும். சின்ன வயதில் மலைநாட்டுக் கலவரத்தில் எல்லாம் போய், தாய் தகப்பனோடு வன்னிக்கு இறங்கியவர். பிறகு எத்தனையோ இடம்பெயர்வு. கடைசியில் எங்கள் குளத்துக்குக் கீழே, ஓடைக்கரையில், அவரைப் போலவே மலைநாட்டிலிருந்து வந்த பதினொரு குடும்பங்களோடு குடியிருந்தார். கீழ்க் குடியிருப்பு என்று துண்டுப்பிரசுரம் சொல்வது அதைத்தான். அவர்கள் அங்கே வந்தபோது மேலே குளம் இருக்கவில்லை, இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளத்தடியில் போய்க் குடியிருந்தால் இப்படித்தான் என்று பிற்பாடு பலபேர் சொன்னார்கள். சனம் குளத்தடிக்குப் போகவில்லை. குளம்தான் சனத்தின் தலைக்கு மேலே வந்தது.

வன்னியில் இருந்த காலத்தில் அவர் குளக்கட்டுத் திருத்துகிற வேலைகளுக்குக் கூலிக்குப் போயிருக்கிறார். கட்டு போடுகிறபோதே, நடுவில் முருங்கன் பக்கத்துக் களிமண்ணை வைத்து இடித்து இறுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் களி ஒட்டினால் செருப்பே கழன்றுவிடும், அவ்வளவு பிடிமானம். தூரத்திலிருந்து ஏற்ற வேண்டும் என்று முதலாளி அதைச் செய்யவில்லை. பக்கத்தில் கிடந்த மணல் கலந்த மண்ணையே பெக்கோ இயந்திரத்தால் வழித்துக் குவித்தார்கள். மேலே புல் நட்டார்கள். பார்வைக்கு நல்ல பச்சை.

இரண்டாவது வருடம் மாசி மாதமே தண்ணீர் வற்றி அன்னங்கள் சேற்றில் குந்திவிட்டன. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாரிக்கு முன், கட்டின் ஒரு தொங்கலில், கட்டு முடிகிற இடத்தில் இருந்த வானை இடுப்பளவுக்குக் கல்லடுக்கி, சீமெந்து பூசி அடைத்தார். அடைத்ததற்கு மேலே பலகையடித்து ஒரு மேடை. கலியாணச் சோடிகள் நின்று படமெடுக்க. பின்னால் தண்ணீர், பக்கத்தில் பூவளைவு. படம் நன்றாகத்தான் வந்தது, நானே ஒன்று எடுத்து வீட்டில் மாட்டினேன்.

அன்றைக்குப் பெருமாள் அண்ணன் என் கருமபீடத்துக்கு முன்னால் வைத்துத்தான் முதலாளியிடம் சொன்னார், வானை அடைத்தால் தண்ணீர் கட்டு மேலேதான் ஏறும், இந்த மண் தாங்காது என்று. முதலாளி கோபிக்கவில்லை. அவர் கோபிக்கிற ஆள் இல்லை. தோளில் தட்டி, “பெருமாள் எப்ப எஞ்சினியரா வந்தனீ?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என்மீதே ஆத்திரம் வருகிறது.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் காலை அவர் இரண்டு சோடாப் போத்தல்களோடு வந்தார். கருமபீடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் தெளிந்த தண்ணீர், மற்றதில் பால்தேநீர் போலக் கலங்கல். இரண்டும் கட்டின் பின்பக்கத்தில், அடியில் கசிகிற தண்ணீர். தெளிந்தது போன கிழமை பிடித்தது. கலங்கலை அன்று காலை பிடித்திருந்தார். கசிவது பெரிய விசயமில்லை, எந்த மண்கட்டும் கசியும், ஆனால் கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்றார். கட்டைத் தண்ணீர் உள்ளிருந்து தின்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

“எனக்கு எழுத வராது மிஸ். நான் சொல்றத நீங்க பொஸ்தகத்துல எழுதுங்க” என்றார்.

எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு. கட்டின் நடுப்பகுதியில் பின்புற அடியில் கசிவு கலங்கலாக வருகிறது, வானைத் திறக்க வேண்டும் எனக் காவலாளி அறிவிக்கிறார். திகதி, நேரம் எல்லாம் போட்டேன்.

சனிக்கிழமை முதலாளி வந்தார். புத்தகத்தைப் புரட்டினார். “பிள்ளை, இப்பிடி எழுத்தில கிடந்தா நாளைக்கு எங்களுக்குத்தான் கரைச்சல். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ” என்றார். மிரட்டவில்லை, கண்ணை உருட்டவில்லை. தேநீர் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் அடிமட்டத்தை வைத்து, பிசிர் தெரியாமல், நேராகக் கிழித்தேன். கிழித்ததைத் துண்டு துண்டாக்கிக் கூடைக்குள் போட்டேன். வேலையில் நான் எப்போதும் துப்புரவு. போத்தல்களையும் நான்தான் கழுவி வைத்தேன்.

பத்து நாளுக்குள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை விருந்தாளிகள் ஒருவரும் இல்லை. கடைக்குள் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டிருந்தேன். பெருமாள் அண்ணன் சேறும் சகதியுமாக வந்து வாசலில் நின்றார். உள்ளே வந்தால் நிலம் அழுக்காகும் என்று வாசலிலேயே நின்றார். கட்டின் பின்பக்கம், கை பருமனுக்கு ஓட்டை விழுந்து, தண்ணீர் கொதிப்பதுபோல் மண்ணோடு வருகிறது என்றார்.

முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்றாம் தரம்தான் கிடைத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மண் மூடை போடச் சொன்னார். நாளை மறுநாள் எஞ்சினியரை அனுப்புவதாகச் சொன்னார். பிறகு, “வானில மட்டும் ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கலியாணப் படத்துக்கு ஆக்கள் வருகினம்” என்றார். கீழே வீடுகள் இருக்கின்றன என்றேன். அதற்குள் வைத்துவிட்டார். கேட்டாரோ என்னவோ, இன்றுவரை தெரியாது.

கேட்டதை அப்படியே பெருமாள் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகத்தை ஒருக்கால் கையால் வழித்துவிட்டார்.

“இஞ்சினியர் வர்றப்போ இங்க கட்டு இருக்காது மிஸ். நீங்க கீழ போயி ஆளுங்கள மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க. நான் வான தொறக்கிறேன்.”

அவரைத் தடுக்கவேண்டியது என் கடமை, அந்த இடத்தில் நிறுவனத்தின் ஆளாக இருந்தவள் நான்தானே. நான் தடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்டதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அவர் கல் பெயர்க்கிற அலவாங்கை எடுத்துக்கொண்டு வான் பக்கம் போனார். நான் குடையோடு கீழே ஓடினேன். குடை நாலாம் எட்டிலேயே மறுபக்கம் திரும்பிவிட்டது. வீடு வீடாகக் கத்தினேன். பெருமாள் அண்ணனின் மனைவி லெச்சுமி அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கிழவரைக் கையில் பிடித்துக்கொண்டு றோட்டுக்கு ஏறினா. மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள்.

றோட்டில் நின்று பார்த்தோம். பலகை மேடை முதலில் சரிந்தது. பூவளைவு அப்படியே மிதந்து போனது. அடைத்த கல் ஒவ்வொன்றாகப் பெயரப் பெயர, பழைய வான் வாய்க்காலால் தண்ணீர் செங்கலங்கலாய்ப் பாய்ந்தது. வீடுகளுக்குள் கணுக்கால் அளவு வந்தது. அடுத்திருந்த நூர் நானாவின் வயலை முழுக்க மூடியது. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்ற நெல். ஆனால் குளம் மெல்ல மெல்ல இறங்கியது. மத்தியானம் போலக் கட்டின் ஓட்டையில் வேகம் குறைந்து தண்ணீர் தெளிந்துவிட்டதாம். பெருமாள் அண்ணன் அலவாங்கை ஊன்றியபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்திருந்தது. ஒரு உயிர் போகவில்லை. ஒரு ஆடு கூடப் போகவில்லை.

அதுதான் அவர் செய்த பிழை.

அடுத்த நாள் விடிந்ததும் பெக்கோ வந்தது. கட்டின் பின்பக்கத்தில் ஒரு வண்டில் நிற்கிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். பத்து மணிக்குள் அதை நிரப்பி, தட்டி, புல்லும் வைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள்தான் அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் பார்த்தது ஒழுங்கான ஒரு கட்டு, உடைக்கப்பட்ட ஒரு மதில், மணல் மூடிய ஒரு வயல். வேறென்ன எழுதுவார்கள்?

முதலாளி பொலிசில் முறைப்பாடு கொடுத்தார், தனியார் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக. நூர் நானாவும் அதில் கையெழுத்து வைத்தார். நான் போய் அவரிடம் அழாக்குறையாகக் கேட்டேன். முசலியில் பரம்பரையாக வயல் செய்தவர், இருபது வருடம் அகதியாகப் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்து விதைத்த நெல் அது. “அல்லாஹ்வுக்காகச் சொல்லு மகள், கட்டு உடைஞ்சுதா? உடையேல்லையே. உடைஞ்சது என்ட வயல்தானே” என்றார். நான் குழியைப் பற்றிச் சொன்னேன். எழும்பி வந்து என்னோடு கட்டைப் பார்த்தார். பச்சைப் புல்லைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு தன் வயல் பக்கம் போய்விட்டார். அவரில் எனக்குக் கோபமில்லை. நடந்த அழிவைக் கையால் தொட்டுக் காட்டலாம். நடக்காமல் போன அழிவை எதைக் கொண்டு காட்டுவது?

வழக்கில் பெருமாள் அண்ணனுக்காகச் சாட்சி சொல்லப் போனேன். வேலை அதற்கு முந்தின கிழமையே போயிருந்தது. கசிவு பற்றி அவர் முன்கூட்டியே அறிவித்தார், நான் எழுதினேன் என்றேன். முதலாளியின் சட்டத்தரணி மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“எழுதின பக்கம் எங்கே?”

“கிழிச்சாச்சு.”

“யார் கிழிச்சது?”

“நான்தான் கிழிச்சனான்.”

மன்றில் சிரிப்பு எழும்பி அடங்கியது. முதலாளி சொல்லித்தான் கிழித்தேன் என்றேன். அதற்கு என்ன அத்தாட்சி என்றார். நேராகக் கிழித்தேன் அல்லவா, பிசிர் கூட இல்லை. பெருமாள் அண்ணனிடம், கீழே உமது வீடும் இருந்ததுதானே, அதைக் காப்பாற்றத்தானே உடைத்தீர் என்று கேட்டார்கள். “ஆமா ஐயா, என் வீடும் இருந்துச்சு” என்றார் அவர். மனிதனுக்குப் பொய் சொல்லவே வரவில்லை. நீதவானைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருந்தது உடைந்த மதிலின் படங்கள் மட்டும்தான். தவணைக்குத் தவணை வர முடியாமல், மூன்றாம் தவணையில் பெருமாள் அண்ணன் குற்றத்தை ஒத்துக்கொண்டார். எச்சரித்து விடுவித்தார்கள். கிராமத்துக்குள் மற்றவர்களும் அவரோடு முன்போலப் பேசவில்லை. நனைந்த நெல்லும் அரிசியும் அவரால் போனது என்றுதான் நினைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்விட்டார்.

துண்டுப்பிரசுரத்தோடு வீட்டுக்கு வந்து, இரண்டு மூன்று பேரிடம் கேட்டு பெருமாள் அண்ணனின் மகளின் தொலைபேசி இலக்கத்தை எடுத்தேன். மகள் தகப்பனிடம் கொடுத்தாள், அவருக்குக் காது கொஞ்சம் மந்தமாம். அந்த வசனத்தைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அழுவாரோ என்று பயந்தேன்.

“பேருதானே மிஸ், போட்டுக்கட்டும். வான தொறந்து வச்சிருக்காங்களா, அடைச்சிட்டாங்களா? அதப் பாத்துச் சொல்லுங்க.”

மனுசன் அவ்வளவுதான் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி கூட அவருக்கு வரவில்லையே என்று அவரிலும் ஆத்திரம் வந்தது.

அடுத்த கிழமையே போனேன். நுழைவாயில் புதிது. கருமபீடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, நல்ல பண்பாகப் பேசினாள். குளத்தைச் சுற்றிப் பார்த்தேன். அன்னங்கள் இப்போது எட்டு. வான் இருந்த இடத்தில் சாப்பாட்டுக் கடை நீண்டு வந்திருக்கிறது, முழுக்கக் கொங்கிறீட். அதன் அடியில் ஒரு குழாய் தெரிகிறது, என் தலை நுழையாது. கட்டை இன்னும் உயர்த்தியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து, கட்டைப் பார்க்க ஆள் யார் என்று அவளிடம் கேட்டேன்.

“ஆள் இல்லை அன்ரி, கமரா பூட்டியிருக்கு” என்றாள்.

அவளுடைய திரையைக் காட்டினாள். நாலு கமரா. நாலிலும் தண்ணீர், படகு, மேசைகள். கட்டின் பின்பக்கம் எதிலும் இல்லை. அது ஏன் இல்லை என்றேன்.

“அங்க என்ன அன்ரி இருக்கு பாக்க?”

பகிடியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு கட்டின் மேல் ஏறிப் பின்பக்கம் காட்டினேன். எனக்கே ஒருகணம் திசை பிடிபடவில்லை. நூர் நானா மௌத்தாகிவிட்டார் என்று வாசலில் சொன்னார்கள், பிள்ளைகள் வயலை விற்றுவிட்டார்களாம், அது றால் பண்ணையாகிக் கம்பி வேலிக்குள் இருக்கிறது. கீழ்க் குடியிருப்பு இல்லவே இல்லை. பன்னிரண்டு வீடுகளும், லெச்சுமி அக்காவின் ஆட்டுக்கொட்டிலும், எல்லாருக்கும் பொதுவாக இருந்த கிணறும் போய், அந்த இடத்தைச் சமப்படுத்திச் சரளைக்கல் பரப்பியிருக்கிறார்கள். விருந்தாளிகளின் வாகனங்கள் நிற்கின்றன. பஸ் ஒன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கி, இரண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.